குமிழி எண்ணிய பிறகு

ஹைட்ரில்லா என்ற நீர்த்தாவரத்தின் தண்டை வெட்டி, வெட்டுவாய் மேலே இருக்கும்படி தண்ணீரில் அமிழ்த்தி, பக்கத்தில் விளக்கை வையுங்கள். சற்று நேரத்தில் வெட்டுவாயிலிருந்து சரம்சரமாகக் குமிழிகள் கிளம்பும். நீர்த்தாவரங்கள் வெளிச்சத்தில் இப்படிக் குமிழி விடுவதை யான் இங்கன்ஹவுஸ் 1779-இல் வெளியிட்ட நூலில் விவரித்தார். இன்றும் பள்ளியில் ஒளிச்சேர்க்கையின் வேகத்தை அளக்க எளிய வழி இதுதான்: விளக்கைத் தள்ளித்தள்ளி வைத்து, நிமிடத்துக்கு எத்தனை குமிழி என்று எண்ணி அட்டவணை போடுவது.

அட்டவணை முடிந்ததும், 'ஒளி கூடினால் ஒளிச்சேர்க்கை கூடும்' என்று முடிவில் எழுதி ரெகார்டு நோட்டை மூடிவிடுகிறோம். அந்த வரி பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. அதற்குச் செடி எதற்கு?

உதாரணத்துக்கு, விளக்கு 40 செ.மீ. தொலைவில் இருக்கும்போது 11 குமிழி, 20 செ.மீ.யில் 38, 10 செ.மீ.யில் 40 என்று வைத்துக்கொள்வோம். சிறிய விளக்கிலிருந்து வரும் ஒளி, தொலைவு பாதியானால் நான்கு மடங்காகும். 40-லிருந்து 20-க்கு வந்தபோது ஒளி நான்கு மடங்கு, குமிழி ஏறத்தாழ மூன்றரை மடங்கு. இதுவரை சரி. 20-லிருந்து 10-க்கு வந்தபோதும் ஒளி நான்கு மடங்கு கூடியது. குமிழியோ இரண்டே இரண்டுதான் கூடியது. வரைபடத்தில் கோடு படுத்துவிடுகிறது. தப்பாக எண்ணிவிட்டோம் என்று பயந்து மாணவர்கள் அழித்து எழுதுவது இந்த இடத்தில்தான்.

தயவுசெய்து அழிக்காதீர்கள். அட்டவணையிலேயே அதிகம் பேசும் எண் அதுதான். ஒளி தாராளமாகக் கிடைத்தும் வேகம் கூடவில்லை என்றால் வேறு ஏதோ ஒன்று போதவில்லை. இதைத்தான் தாவரவியலாளர் பிளாக்மேன் 1905-இல் கட்டுப்படுத்தும் காரணி என்று விளக்கினார். செடிக்குக் கார்பன் டை ஆக்சைடு கூடுதலாகக் கிடைக்கும்படி தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் சோடாவைக் கரைத்துவிட்டு மறுபடி எண்ணுங்கள். குமிழி கூடினால், பற்றாக்குறை அதில்தான் என்று ஊகிக்கலாம். விளக்கின் சூடும் கணக்கைக் கெடுக்கும் என்பதால் நடுவே ஒரு கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் வைப்பது நல்லது.

ஒவ்வொரு தொலைவிலும் மூன்று முறையாவது எண்ண வேண்டும். 37, 39, 14 என்று வந்தால் சராசரி 30. ஆனால் தண்டு ஒரு தடவைகூட 30 குமிழி விடவில்லை! வெட்டுவாய் அடைத்திருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, திரும்ப எண்ணுங்கள். 14-ஐத் தள்ளுவதானால் காரணத்தையும் நோட்டில் எழுதுங்கள்.

இன்னொரு தவறு, குமிழி நின்றுவிட்டால் ஒளிச்சேர்க்கையும் நின்றுவிட்டது என்று எழுதிவிடுவது. செடி சுவாசிக்கவும் செய்கிறது. மங்கிய ஒளியில் உண்டாகும் ஆக்சிஜனைச் சுவாசமே எடுத்துக்கொண்டால் வெளியே குமிழி வராது. குமிழிகள் ஒரே அளவிலும் இருப்பதில்லை. அவற்றில் இருப்பது முழுக்க ஆக்சிஜனும் அல்ல. வாயுவை அளவுக்குழாயில் பிடித்துப் பருமனை அளந்தால், எண்ணுவதைவிடத் துல்லியமாக இருக்கும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாதிரி அட்டவணையைக் கரும்பலகையில் எழுதிப் போடாதீர்கள். பிள்ளைகள் எண்ணியது எதுவோ அதையே எழுதட்டும். அது ஏன் அப்படி வந்தது என்ற விளக்கத்துக்கு மதிப்பெண் கொடுங்கள்.