சாக்கடையில் போகும் மணிச்சத்து

விருதுநகர்ச் சாக்கடை நீர் கௌசிகா நதி வழியாகக் குல்லூர்சந்தை அணையில் சேருகிறது. அதனுடன் மணிச்சத்தும் போகிறது. தேங்கிய நீரில் அது பாசியையும் ஆகாயத்தாமரையையும் கொழிக்கச் செய்யும். மானாவாரிக் கரிசலில் பருத்தி, மக்காச்சோளம் போடும் விவசாயியோ அதே சத்தை மூட்டை மூட்டையாக விலைக்கு வாங்குகிறார். அம்மூட்டைக்கான மூலப்பொருளில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருகிறது.

தீப்பெட்டியின் பக்கத்தில் பூசும் சிவப்புப் பாஸ்பரஸும் இதே தனிமம்தான். (அதை உரமென்று எண்ணி வயலில் போட்டுவிடக் கூடாது.) 1669-இல் ஹாம்பர்க் நகரில் ஹென்னிக் பிராண்ட் என்பவர் இதை முதன்முதலில் பிரித்தெடுத்தது மனிதச் சிறுநீரிலிருந்து. மனிதக் கழிவிலுள்ள மணிச்சத்தில் பாதிக்கு மேல் சிறுநீரில்தான் இருக்கிறது. நம் நாட்டுச் சாப்பாட்டுக்கு ஒருவரின் ஓராண்டுச் சிறுநீரில் சுமார் 300 கிராம் பாஸ்பரஸ் உண்டு. இது ஏறத்தாழ 4 கிலோ சூப்பர் பாஸ்பேட்டுக்குச் சமம்.

ஆகவே சாக்கடையில் கலந்தபின் தேடுவதைவிடக் கழிப்பறையிலேயே பிரித்துவிடுவது எளிது. திருச்சி மாவட்டம் முசிறியில் ‘ஸ்கோப்’ தொண்டு நிறுவனம் சிறுநீரைத் தனியே பிரிக்கும் பொதுக் கழிப்பறையை 2006-இல் அமைத்தது. அங்கு சேர்ந்த சிறுநீர் வாழைக்கு இட்டுச் சோதிக்கப்பட்டது. முகம் சுளிப்போர் இருப்பார்கள். ஆட்டுக்கிடை போடும் ஊரில் இது புதிய சங்கதி அல்ல.

சிறுநீரைச் சுமந்து செல்வதுதான் தொல்லை. அதற்கும் வழி உண்டு. மூடிய தொட்டியில் சில நாட்கள் வைத்தால் காரத்தன்மை ஏறும். அதில் மக்னீசிய உப்பைக் கலந்து பத்து நிமிடம் கிளறினால் வெண்மையான மணல்போல ஒரு பொருள் அடியில் படியும். இதன் பெயர் ஸ்ட்ரூவைட். துணியில் வடிகட்டி நிழலில் உலர்த்த வேண்டும். சூடேற்றினால் தழைச்சத்து பறந்துவிடும். நேபாளத்தின் சித்திப்பூர் கிராமத்தில் இம்முறை செய்து பார்க்கப்பட்டுள்ளது. மக்னீசியத்துக்கு நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை; தூத்துக்குடி உப்பளங்களில் உப்பு வாரியபின் மிஞ்சும் கசப்பு நீரில் அது ஏராளம்.

சுத்தமான ஸ்ட்ரூவைட்டில் மணிச்சத்து சுமார் 29 சதம், தழைச்சத்து 5 சதத்துக்குச் சற்று அதிகம். மிகுதித் தழைச்சத்து வடிநீரிலேயே நிற்கும். அதைக் கீழே கொட்டிவிடாமல் நீர் கலந்து வேர்ப்பக்கம் விட்டு மண்ணை மூட வேண்டும், இலையில் படக் கூடாது. சுண்ணாம்பு மிகுந்த கரிசலில் ஸ்ட்ரூவைட் மெதுவாகவே கரையும் என்பதால், சூப்பர் பாஸ்பேட்டைத் தொழு உரத்துடன் கலந்து ஊட்டமேற்றுவது போல இதையும் முதலில் சிறு பாத்தியில் செய்து பார்ப்பது நல்லது.

சிவகாசி, சாத்தூர் வட்டாரத் தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளில் ஒரே இடத்தில் பலர் வேலை செய்கிறார்கள். 200 பேர் உள்ள ஓர் ஆலையில், தினசரிச் சிறுநீரில் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே சேர்வதாகக் கணக்கிட்டாலும், ஆண்டுக்குச் சுமார் 5 மூட்டை சூப்பர் பாஸ்பேட்டின் மணிச்சத்து தேறும். இதற்குத் தொழிலாளருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, ஒழுங்கான கழிப்பறை கட்டித் தருவது முதல் வேலை.