உப்பளத்துச் சிறுநீரகமும் 35 நாள் மாத்திரையும்

இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் மருத்துவமனையில் இருப்பது பெரும்பாலும் ஒரு வாரம். கூடிப்போனால் பத்து நாள். ரத்தம் உறையாமல் இருக்க அவருக்கு எழுதித் தரும் மருந்தோ 35 நாள் வரை போகும். ஆபத்துக் காலத்தின் பெரும்பகுதி வீட்டில்தான் கழிகிறது. உப்பளங்கள் உள்ள மரக்காணத்தில் வீடு என்றால், சிகிச்சை செய்த ஜிப்மர் மருத்துவமனைக்குப் போக பாண்டி பஸ்ஸில் ஒரு மணி நேரமாவது ஆகும். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி அதைவிடத் தூரம். தையல் பிரிக்கப் போவதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள்.

எலும்பு ஆபரேஷனுக்கும் ரத்தம் உறைவதற்கும் என்ன தொடர்பு? ரத்த ஓட்டம் மந்தமாவது, ரத்தக்குழாயின் உட்சுவர் காயப்படுவது, உறையும் தன்மை கூடுவது ஆகிய மூன்றும்தான் ரத்தக்கட்டி உண்டாகக் காரணம். இடுப்பிலோ முழங்காலிலோ ஆபரேஷன் நடந்தால் மூன்றும் ஒரே நேரத்தில் சேர்ந்துவிடும். கெண்டைக்காலிலோ தொடையிலோ ஆழமான சிரையில் உருவாகும் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்தால், நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவரே நிமிடங்களில் இறந்துபோகலாம். 'இது வெள்ளைக்காரர்களுக்கு வருவது, நம்மவர்களுக்கு அபூர்வம்' என்று நம் மருத்துவர்கள் பலரே நெடுங்காலம் நம்பினார்கள். ஆசியாவில் 19 மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2005-ல் வெளியானது. தடுப்பு மருந்து இல்லாமல் ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் கால் சிரைகளைச் சாயம் செலுத்திப் படமெடுத்தபோது, 41 சதவீதம் பேருக்குக் கட்டி இருந்தது. அவற்றில் பெரும்பாலானவை வலியோ வீக்கமோ காட்டாதவை.

தடுக்க இன்று பல வழிகள் உண்டு. வயிற்றுத் தோலில் தினமும் போடும் எனாக்ஸபாரின் ஊசி ஒன்று. ரிவரோக்ஸபான், அபிக்ஸபான், டாபிகாட்ரான் போன்ற புதிய மாத்திரைகள் இன்னொன்று; இடுப்புக்கு ஏறக்குறைய ஐந்து வாரம், முழங்காலுக்கு இரண்டு வாரம் என்பது வழக்கமான கணக்கு. ஆஸ்பிரினும் மறுபடி களத்துக்கு வந்திருக்கிறது. எலும்பு முறிந்த 12,211 பேரிடம் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடத்தி 2023-ல் வெளியிட்ட ஆய்வில், மரணத்தைத் தடுப்பதில் ஆஸ்பிரின், எனாக்ஸபாரின் ஊசிக்குக் குறைந்ததாக இல்லை. காலில் கட்டி உண்டாவது மட்டும் ஆஸ்பிரின் எடுத்தவர்களிடம் சற்றுக் கூடுதல். யாருக்கு எது என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

பழைய மருந்தான வார்ஃபரின் 1948-ல் எலி விஷமாகத்தான் கடைக்கு வந்தது. மனிதருக்குக் கொடுக்கத் தொடங்கியது அதற்குப் பிறகு, 1950-களில். அதையோ அதன் உறவான அசினோகூமராலையோ சாப்பிடுகிறவர் ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையை அடிக்கடி செய்து, பெரும்பாலும் 2-க்கும் 3-க்கும் இடையில் அளவை நிறுத்த வேண்டும். ஒரு வாரம் முருங்கைக்கீரையாகச் சாப்பிட்டு, மறுவாரம் கீரையையே தொடாமல் விட்டால் அளவு ஏறி இறங்கும். கீரையை விடச் சொல்வதில்லை. ஒரே சீராகச் சாப்பிடத்தான் சொல்கிறார்கள். இந்தத் தொல்லையெல்லாம் இல்லை என்பதுதான் புதிய மாத்திரைகளின் பெருமை. 'இதற்கு ரத்தப் பரிசோதனை வேண்டாம்' என்று சொல்லியே எழுதித் தருகிறார்கள்.

அந்த வாக்கியம் உப்பளத் தொழிலாளிக்கு அப்படியே பொருந்தாது. டாபிகாட்ரானில் 80 சதவீதம் அளவுக்குச் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. எனாக்ஸபாரினும் சிறுநீரகத்தைத்தான் பெரிதும் நம்பியிருக்கிறது. ரிவரோக்ஸபானில் மூன்றில் ஒரு பங்கு, அபிக்ஸபானில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் நேற்றைய மருந்து முழுதும் வெளியேறும் முன்பே இன்றைய மருந்து சேரும். சில நாளில் ரத்தக்கசிவு தொடங்கலாம்.

மரக்காணத்தில் உப்பு விளைவது கோடையில். நிழலே இல்லாத பாத்திகளில், காலுக்குக் கீழே உப்பு நீரும் தலைக்கு மேலே வெயிலுமாக வாரிக் குவிக்கிற வேலை. ஒதுங்க இடம் இல்லாததால் பெண்கள் பலர் தண்ணீரையே குறைத்துக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டின் 7 உப்பளங்களில் 352 தொழிலாளர்களை ஆராய்ந்து, ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபாலும் குழுவினரும் 2023-ல் வெளியிட்ட ஆய்வில், சுமார் பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பான வெப்ப அளவைத் தாண்டிய சூழலில் வேலை பார்ப்பது தெரிந்தது. 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது. அவர்களில் பலருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆரம்பத்தில் சிறுநீரகம் எந்த அறிகுறியும் காட்டாது.

சிறுநீரகத்தின் நிலையைக் காட்ட லேப் ரிப்போர்ட்டில் வரும் கிரியேட்டினின் எண்ணை மட்டும் பார்த்தாலும் ஏமாந்துபோவோம். வயது, எடை, ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துப் போடும் கணக்கு ஒன்று உண்டு. 75 கிலோ எடையுள்ள 40 வயது ஆணுக்கு கிரியேட்டினின் 1.4 என்றால், சிறுநீரகம் நிமிடத்துக்குச் சுமார் 74 மில்லி ரத்தத்தைச் சுத்திகரிக்கிறது. கவலைப்படும் அளவல்ல. அதே 1.4, வாழ்நாள் முழுக்க உப்பு சுமந்து 45 கிலோவாக இளைத்த 65 வயதுப் பெண்ணுக்கு வந்தால் கணக்கு 28-ஐ ஒட்டி நிற்கும். 30-க்குக் கீழே போனால் எனாக்ஸபாரினின் அளவைக் குறைக்க வேண்டும். டாபிகாட்ரான் கூடவே கூடாது. ரிப்போர்ட்டில் இருவருக்கும் எண் ஒன்றுதான். 1.4-ஐப் பார்த்து 'கொஞ்சம்தான் கூட' என்று புரட்டிவிட்டுப் போவது எளிது. இந்தக் கணக்கைப் போட இரண்டு நிமிடம்கூட ஆகாது. போடாமல் விடுவதற்கு எந்தச் சாக்கும் கிடையாது என்பது என் கருத்து.

ஆகவே ஆபரேஷனுக்கு முன்னும் வீடு திரும்பும்போதும் கிரியேட்டினின் பார்க்க வேண்டும். மருந்து ஓடிக்கொண்டிருக்கும் போது வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் வெயில் என்று உடம்பில் நீர் வற்றினால் மறுபடி பார்ப்பது நல்லது. ஹீமோகுளோபின் குறைகிறதா என்றும் பார்க்க வேண்டும். உள்ளே கசியும் ரத்தத்தை அது காட்டிக்கொடுக்கும். எனாக்ஸபாரின் போன்ற ஹெப்பாரின் வகை ஊசி போடுகிறவர்களில் சிலருக்கு 5 முதல் 14 நாளுக்குள் தட்டணுக்கள் பாதியாகச் சரியலாம். அபூர்வம்தான். வந்துவிட்டால், கட்டியைத் தடுக்க வேண்டிய ஊசியே கட்டியை உண்டாக்கும்.

பரிசோதனை எதிலும் அகப்படாத ஆபத்து மெடிக்கல் ஷாப்பில் இருக்கிறது. வலிக்கிறதென்று டைக்ளோபெனாக்கோ அசிக்ளோபெனாக்கோ வாங்கிப் போட்டால் அது சிறுநீரகத்தையும் அடிக்கும், இரைப்பையில் ரத்தக்கசிவுக்கும் வழிவிடும். வலி பொறுக்க முடியாவிட்டால் பாராசிட்டமால் போதுமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம். அதேபோல, வீங்கிய காலுக்கு எண்ணெய் போட்டு நீவிவிடும் பழக்கம் நம்மிடம் ஆழமாக உண்டு. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, சூடாகி, கெண்டையில் வலித்தால் அங்கே யாரும் கை வைக்கக் கூடாது. உடனே டாப்ளர் ஸ்கேன் எடுக்க வேண்டும். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் 108-ஐ அழையுங்கள். கருநிற மலம், சிவந்த சிறுநீர், நிற்காத ஈறுக் கசிவு, தையலில் ஊறும் ரத்தம், விழுந்து தலையில் அடி ஆகியவற்றுக்கும் காத்திருக்கக் கூடாது. ஆனால் பயந்துபோய் மாத்திரையைத் தானாக நிறுத்துவதும் ஆபத்துதான்.

வீடு திரும்பும் நாளில் தரும் டிஸ்சார்ஜ் சம்மரியில் மருந்தை நிறுத்த வேண்டிய தேதி, நோயாளியின் எடை, கிரியேட்டினின் மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். தேதியைத் தமிழில் எழுதிக் கேளுங்கள். அரசு மருத்துவமனையில் கிரியேட்டினின் பரிசோதனைக்குக் காசில்லை. இன்னொன்று: கேஸ் ஷீட்டில் தொழில் என்ற இடத்தில் வழக்கமாகக் 'கூலி' என்று எழுதிவிடுகிறார்கள். 'உப்பளம்' என்று எழுதச் சொல்லுங்கள்.