விடுமுறையும் தொண்டும்

வார விடுமுறை ஓய்வுக்கன்றோ என்பர் சிலர். காந்தியடிகளின் நூற்றாண்டாகிய 1969-இல், 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பெற்றது. அதிற் சேர்ந்த மாணாக்கர் ஈராண்டில் 240 மணி நேரம் தொண்டாற்றல் வேண்டும். சனிக்கிழமைதோறும் 4 மணி நேரம் ஈந்தால், 30 வாரங்களில் ஓராண்டுக் கடன் தீரும், பாடத்திற்கும் இடையூறில்லை.

கோவை மாணாக்கர்க்கு இப்பணிக்கேற்ற களம், நொய்யல் நீர் நிரப்பும் குளங்களேயாம். 2013-இல் உக்கடம் பெரியகுளத்தைத் தூர்வாரத் தொண்டர் பலர் திரண்டனர். மண்கூடையைக் கைமாற்றுங்கால் ஒருவர் தளரின் வரிசை முழுதும் தடைப்படும். கல்லூரி விழாவிற்கென மாலையிற் பழகும் கொங்குநாட்டு வள்ளிக்கும்மியிலும் அஃதே. ஒருவர் அடி பிழைப்பின் வட்டம் குலையும். தனித்துப் பயிலும் நூலறிவு தாராத இவ்விணக்கத்தை விடுமுறை தருகின்றது. ஆதலின், தோழரே, சான்றிதழை நாடிச் சேரற்க. பிறரோடு ஒத்து நடக்கக் கற்றற்பொருட்டே சேர்மின்.