மிதக்கும் நிலத்தில் ஒரு மான்



மான் எங்கே வாழும் என்று கேட்டால், காட்டில் என்று உடனே சொல்லிவிடுவீர்கள். தண்ணீரின்மேல் மிதக்கும் நிலத்தில் வாழும் மானைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

நம் தேசத்தின் வடகிழக்கிலுள்ள மணிப்பூர் மாநிலத்தில் லோக்டாக் என்னும் பெரிய நன்னீர் ஏரி உண்டு. அதிலே புல்லும் நாணலும் வேர்களும் மக்கிய செடிகளும் மண்ணும் ஒன்றோடொன்று பின்னி, தடித்த பாயைப்போல் மிதக்கின்றன. அங்குள்ள மக்கள் இதைப் 'பும்டி' என்று அழைக்கிறார்கள். இதன் சிறு பகுதியே மேலே தெரியும். பெரும்பகுதி நீருக்குள் மறைந்திருக்கும்.

அந்தப் பாயின்மேல்தான் சங்காய் மான் நடக்கிறது, அங்கேயே மேய்கிறது. அசையும் நிலத்தில் அது பதமாய்க் கால் வைத்து நடப்பது நடனமாடுவதுபோல் தோன்றுவதால், அதை 'நடன மான்' என்றும் சொல்வார்கள்.

இந்த இனம் அழிந்தே போயிற்று என்று ஒரு காலத்தில் எண்ணினார்கள். 1975-ஆம் ஆண்டில் வானிலிருந்து பார்த்து எண்ணியபோது 14 மான்களே தென்பட்டன. 1977-இல் அவ்விடம் கெய்புல் லாம்ஜாவோ தேசியப் பூங்காவாயிற்று. 2016-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அவை 260 ஆகப் பெருகியிருந்தன.

மிதக்கும் நிலத்திற்குப் பெலன் எங்கிருந்து வருகிறது? மழையில்லாத மாதங்களில் ஏரியின் நீர் வற்றும். அப்பொழுது பும்டி கீழிறங்கி ஏரியின் தரையைத் தொடும். வேர்கள் அங்குள்ள சத்தை உறிஞ்சிக்கொள்ளும். மழை வந்ததும் பும்டி மறுபடியும் மிதக்கும். ஆனால் 1983-இல் மின்சாரத் திட்டத்திற்காக இத்தாய் தடுப்பணை செயல்படத் தொடங்கியபின், ஆண்டு முழுவதும் நீர் உயர்ந்தே நிற்கிறது. தரையைத் தொடாத பும்டி மெலிந்துபோகிறது. மெலிந்த பும்டி மானின் பாரத்தைத் தாங்குவதில்லை.

பிள்ளைகளே, உங்களில் அநேகர் பெற்றோருடன் சொந்த ஊரைவிட்டு நகரத்திற்கு வந்தவர்கள். வாடகை வீடு மாறும்போது பள்ளிக்கூடமும் சிநேகிதரும் மாறிவிடுகிறார்கள். நம் காலடி நிலமும் மிதப்பதுபோலவே இருக்கிறது அல்லவா? அப்பாவுக்கு வேலை குறைந்து, வீட்டுச் செலவைச் சுருக்கும் நாட்களும் வரும். அந்நாட்களைக் கண்டு கலங்காதீர்கள். குறைவின் நாட்களில் குடும்பமாய் முழங்காற்படியிட்டு ஜெபித்தால், நம் வேர்கள் கிறிஸ்துவாகிய தரையைத் தொடும்.

பெற்றோரே, நிறைவை மட்டும் கேட்கப் பிள்ளைகளைப் பழக்காதீர்கள். வீட்டின் குறைவையும் அவர்களுக்குத் தெரியப்படுத்தி, அவர்களோடு சேர்ந்து ஜெபியுங்கள்.

இன்றிரவு குடும்ப ஜெபத்தில் 104-ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். கொக்குக்கும் வரையாட்டுக்கும் குழிமுசலுக்கும் சிங்கக்குட்டிக்கும் தேவன் எங்கெங்கே இடங்கொடுத்தார் என்று பிள்ளைகள் கண்டுபிடித்துச் சொல்லட்டும். அவைகளுக்கு இடங்கொடுத்த ஆண்டவர் உங்கள் குடும்பத்தையும் மறவார். அவர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.