வடத்துக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும்

திருமணத்துக்குப் பொருத்தம் பார்ப்பதை நாம் அறிவோம். வானொலியில் வடத்துக்கும் ஆன்டெனாவுக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும் என்பதை நான் கூரையேறித்தான் கற்றேன்.

"கைத்தொலைபேசி இருக்க, அமெச்சூர் வானொலி எதற்கு?" என்று நண்பர்கள் கேட்பதுண்டு. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையால் அந்தமானில் தொலைத்தொடர்பு துண்டிக்கப்பட்டபோது, போர்ட் பிளேயரில் இருந்த இந்திய அமெச்சூர் வானொலிக் குழுவினரே செய்திகளை வெளியுலகுக்கு அனுப்பினர். அத்தகைய வேளையில் கருவியின் ஆற்றல் வழியிலேயே வீணாகக் கூடாது.

உரிமத் தேர்வில் தேறியதும் கூரைக்கும் ரம்புத்தான் மரத்துக்கும் இடையே 20 மீட்டர் கம்பி கட்டினேன். அதை நடுவில் வெட்டி, 50 ஓம் கோஆக்சியல் வடத்தை இணைத்தேன். 7 மெகாஹெர்ட்ஸில் குறையில்லை. 14க்கு மாற்றியதும் நிலையலை விகிதம் காட்டும் அளவியின் முள் கடைசிவரை ஓடியது.

காரணம் இதுதான். மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் உள்ள விகிதமே மின்மறுப்பு. 7இல் அக்கம்பி அரை அலை நீளம். நடுவில் மின்னோட்டம் உச்சத்தில் இருப்பதால் மறுப்பு 70 ஓம் அளவில் நிற்கும். 14இல் அதுவே முழு அலை நீளம். நடுவில் மின்னோட்டம் மிகக் குறைவு, மறுப்போ ஆயிரக்கணக்கான ஓம். பொருந்தாத இடத்தில் ஆற்றல் வந்த வழியே திரும்பும். நிலையலை விகிதம் 3 என்றாலே 25 விழுக்காடு திரும்பிவிடும்.

கருவியருகே ஒரு டியூனர் வைத்தேன். முள் அடங்கியது, என் அழைப்புக்குத்தான் பதிலில்லை! டியூனர் கருவியை மட்டுமே சமாதானப்படுத்துகிறது. வடத்துக்குள் ஆற்றல் முன்னும் பின்னும் ஓடி வெப்பமாக வீணாவதை அது தடுப்பதில்லை.

பிறகு வெட்டும் இடத்தை மாற்றினேன்: ஒரு பக்கம் 6.7 மீட்டர், மறுபக்கம் 13.3 மீட்டர். இந்த மூன்றில் ஒரு பங்குப் புள்ளியில் 7, 14, 28 ஆகிய மூன்றிலும் மின்னோட்டம் போதிய அளவில் உண்டு. கம்பியின் உயரத்தைப் பொறுத்து மறுப்பு சுமார் 100 முதல் 300 ஓம்வரை இருக்கும். அங்கே 4:1 'பேலன்' மின்மாற்றியைப் பொருத்தினால் அது நான்கில் ஒன்றாகி, 25 முதல் 75 ஓமாகும். வடத்தின் 50க்கு அது போதுமான பொருத்தம். நிலையலை விகிதம் 2ஐத் தாண்டாது.

21 மெகாஹெர்ட்ஸ் மட்டும் ஒத்துவராது. அங்கே கம்பி ஒன்றரை அலை நீளமாகிறது. நாம் வெட்டிய புள்ளியிலேயே மின்னோட்டம் ஏறக்குறைய இல்லாமல் போகிறது.

அடுத்துக் கூரையேறும் தம்பி தங்கையருக்கு என் அனுபவப் பாடம் ஒன்றே: வடம் கம்பியைச் சந்திக்கும் இடத்தில் பொருத்தத்தைச் சரிசெய்யுங்கள். மேசையில் முள் அடங்கிவிட்டதாலேயே குரல் கடல் கடந்துவிட்டதாக எண்ணிவிடாதீர்கள்.