ரொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பிடி கீரை

பூண்டுலோயாத் தோட்டங்களில் பொழுது விடியும் முன் கேட்பது ரொட்டி தட்டும் சத்தம். நாலரை மணிக்கெல்லாம் லயத்து இஸ்தோப்பில் அடுப்பு புகையத் தொடங்கிவிடும். கோதுமை மா, ஒரு கைப்பிடி தேங்காய்ப்பூ, உப்பு, தண்ணீர். பிசைந்து உருட்டி, உள்ளங்கையால் தட்டிக் கல்லில் போட்டால் ஒரு பக்கம் ரொட்டி வேகும். இன்னொரு பக்கம் கேத்தலில் தேத்தண்ணி கொதிக்கும். பிரட்டுக்கு ஓடுமுன் இரண்டு ரொட்டி, கொஞ்சம் சம்பல், சீனி தூக்கலாக ஒரு கோப்பைச் சாயத்தண்ணி. மத்தியானத்துக்கும் அதே ரொட்டிதான் மலைக்குப் போகும். நான் பிறந்து வளர்ந்த லயத்திலும் இதுதான் வழக்கம். அம்மா முப்பது வருடம் கொழுந்து பறித்தது இந்தச் சாப்பாட்டில்தான்.

சைவச் சாப்பாடு என்ற பேச்சு வந்தால் எங்கள் பக்கத்தில் செவ்வாய், வெள்ளியைச் சொல்வார்கள். கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்ட வீட்டைச் சொல்வார்கள். மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் தோட்டம் முழுக்கக் கவிச்சி இல்லை என்பார்கள். கணக்குப் பார்த்தால் மற்ற நாட்களிலும் பெரும்பாலும் மரக்கறிதான். சம்பளம் கைக்கு வரும் 10ஆம் திகதியை ஒட்டி ஒரு நாள் கோழி, இடையில் கொஞ்சம் கருவாடு. மற்றபடி ரொட்டி, சோறு, பருப்பு, கிழங்கு. விரதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மலையகத்து வீடு மரக்கறி வீடுதான். அந்த மரக்கறியை எப்படிச் சமைக்கிறோம் என்பதில்தான் எங்கள் பிள்ளைகளின் வளர்த்தி இருக்கிறது.

வளர்த்தி என்று சும்மா சொல்லவில்லை. 2016இல் இலங்கை முழுவதும் எடுத்த குடித்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுக்க 100க்கு 17 பேர். தோட்டப் புறத்தில் 32 பேர். உழைக்கும் தாய், நிறை குறைந்து பிறக்கும் குழந்தை, தண்ணீர், கழிப்பறை, வருமானம் என்று காரணங்கள் பல. சாப்பாட்டுத் தட்டும் அவற்றில் ஒன்று.

ரொட்டி எங்கள் ஆதிச் சாப்பாடு என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்த முன்னோர் சோறும் கஞ்சியும் கேழ்வரகும் தின்றவர்கள். தோட்டத்தில் அவர்களுக்கு அளந்து கொடுத்ததும் இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலில் வந்த அரிசி. 1942இல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்ததும் அந்த அரிசி நின்றது. பங்கீடு வந்தது, அரிசியின் இடத்தில் கோதுமை மா வந்து உட்கார்ந்தது. யுத்தம் முடிந்தும் மா போகவில்லை. அரிசியைவிட அடுப்பில் சீக்கிரம் முடியும், மலைக்குக் கொண்டுபோக வசதி, வயிறும் நிறையும். 1973, 74இல் அந்த மாவுக்கும் தட்டுப்பாடு வந்தபோது தோட்டங்களில் ஜனங்கள் பட்டினியால் செத்தார்கள். அந்தப் பஞ்சத்தைத் தாண்டி வந்தது எப்படி என்று கேட்டால் அப்பாயி ஒரே பதில்தான் சொல்லும்: "கானோரத்துக் கீரையும் மரவள்ளிக் கெழங்கும் இல்லேன்னா நீங்க யாரும் இல்ல."

அப்பாயி சொன்ன கீரை இன்றும் அங்கேயேதான் இருக்கிறது. ஈரமான கானோரத்தில் வல்லாரை. வாழை மரத்தடியில் பொன்னாங்காணி. லயத்துக் கோடியில் குப்பைக்கீரையும் மணத்தக்காளியும். வேலியில் ஏறும் சௌசௌக் கொடியின் நுனிக் கொழுந்து, பூசணிக் கொழுந்து. முள்ளங்கியையும் பீட்ரூட்டையும் எடுத்துக்கொண்டு அவற்றின் இலையை எறிந்துவிடுகிறோம். அந்த இலையும் நல்ல கீரை. நாள் முழுக்கக் கொழுந்து பறித்த கைக்கு ஒரு பிடி கீரை கிள்ளுவது பெரிய வேலையே இல்லை. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: தேயிலை நிரைக்கு நடுவில் முளைத்த கீரையைத் தொடாதீர்கள். அங்கே களைக்கொல்லி அடித்திருப்பார்கள். மருந்து படாத இடத்தில் பறித்து, இரண்டு மூன்று தண்ணீரில் அலசிச் சமையுங்கள்.

வல்லாரைச் சம்பலுக்கு அடுப்பே வேண்டாம். இலையையும் இளந்தண்டையும் பொடியாக அரிந்து, சின்ன வெங்காயம், பச்சைக் கொச்சிக்காய், தேங்காய்ப்பூ, உப்பு சேர்த்து, கடைசியில் அரைத் தேசிக்காயைப் பிழிய வேண்டும். கலந்து பத்து நிமிடம் வைத்தால் கசப்பு இறங்கிவிடும். சிங்கள வீடுகளில் வல்லாரையை இடித்துச் சாறு எடுத்து, சிவப்பரிசிக் கஞ்சியில் தேங்காய்ப்பாலோடு சேர்த்துக் காலையில் 'கொல கெந்த' என்று குடிப்பார்கள். நம் கஞ்சிக்கு அது சொந்தக்காரிதான். லீவு நாளில் காய்ச்சிப் பாருங்கள். பிள்ளைக்கு இளஞ்சூட்டில் ஒரு துண்டுக் கருப்பட்டியோடு கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லாது.

அடுத்தது பருப்பு. மைசூர்ப் பருப்பை ஊற வைக்க வேண்டியதில்லை. இருபது நிமிடத்தில் வெந்துவிடும், விறகும் மிச்சம். 100 கிராம் பருப்பில் ஏறத்தாழ 24 கிராம் புரதம் இருக்கிறது. வெள்ளை மாவில் அதில் பாதிகூட இல்லை. இருக்கிற புரதத்திலும் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது தாராளம். ரொட்டியில் உள்ள குறையைப் பருப்பு அடைக்கும், பருப்பில் உள்ள குறையை ரொட்டி அடைக்கும். கிளினிக்கில் தாய்மாருக்கும் நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் கொடுக்கும் திரிபோஷவில் சோளத்தோடு சோயாவைச் சேர்த்திருப்பதும் இதே காரணத்தால்தான். ஆனால் எங்கள் வீடுகளில் பருப்பு என்றால் தண்ணீராக ஓடும். பத்துப் பேருக்கு ஒரு சுண்டுப் பருப்பு. கட்டியாகக் கடையுங்கள். மஞ்சள், வெள்ளைப்பூண்டு, ஒரு தக்காளி போட்டு வெந்ததும் இரண்டு பிடி கீரையை அரிந்து அதற்குள்ளேயே போட்டு, இரண்டு கொதி விட்டு இறக்கி, கடுகு, காய்ந்த மிளகாய் தாளித்துக் கொட்டினால் ரொட்டிக்கும் சோற்றுக்கும் வேறு கறி தேவைப்படாது. பயறு, கௌபி, கடலை என்றால் முதல் நாள் ராத்திரி ஊறப்போட்டு, முடிந்தால் முளை கட்டி அவியுங்கள். அதில் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் இன்னும் நன்றாகச் சேரும். கவிச்சியே தொடாத வீடாக இருந்தால் பாலோ தயிரோ கட்டாயம் வேண்டும். பி12 விட்டமின் இலையிலும் பருப்பிலும் கிடைக்காது.

ரொட்டியையும் மாற்றலாம். மாவில் மூன்றில் ஒரு பங்கு குரக்கன் மா சேருங்கள். துருவிய கரட், அரிந்த கீரை, வெங்காயம் போட்டுப் பிசையுங்கள். மலைக்குக் கட்டிக்கொண்டு போனாலும் காய்ந்து போகாது.

இனி, தேயிலை மலையில் பிறந்த எனக்கே சொல்லக் கஷ்டமான ஒரு விசயம். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடிப்பது நல்லதில்லை. தேயிலையின் துவர்ப்புக்குக் காரணமான பொருள்கள் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். உடம்பில் சேர வேண்டியதில் பாதிக்கும் மேல் வீணாகப் போகும். ரத்தம் குறைவு என்று கிளினிக்கில் எழுதிக் கொடுத்த மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்கும் தாய்மாரை நான் பார்த்திருக்கிறேன். அந்த மாத்திரைக்கும் இதே கதிதான். தேசிக்காய், தக்காளி, கொய்யா செய்வது இதற்கு நேர்மாறு. அவற்றின் விட்டமின் சி இரும்புச்சத்தை உடம்புக்குள் ஏற்றிவிடும். தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை. பனியில் நனைந்து வருகிறவளுக்கு அது வேண்டும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம் என்கிறேன், அவ்வளவுதான்.

நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கொழுந்தை மடுவத்தில் நிறுத்துக் கொடுத்து, பிள்ளைக்காம்பராவில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, விறகும் சுமந்து வீட்டுக்கு வருகிறவளிடம் கீரையும் ஆய்ந்து கடை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கீரை ஆய்வதும் தேங்காய் துருவுவதும் ஆம்பிளைகளும் செய்யக்கூடிய வேலை. செய்தே ஆக வேண்டும்.

காசு இன்னொரு பக்கம். 2021 மார்ச்சில் 1,000 ரூபாய் ஆன நாட்சம்பளம் 2024 செப்டம்பரில் 1,350 ஆனது. இடையில் 2022இல் மாவின் விலை எகிறிய வேகத்தை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த வருடம் வாசலில் நாலு சௌசௌக் கொடி வைத்திருந்த வீடு பிழைத்தது.

ஆனால் வாசல் யாருக்கு இருக்கிறது? பூண்டுலோயா டன்சினன் தோட்டத்தில் இந்திய உதவியில் கட்டிய 404 வீடுகள் 2018 ஆகஸ்ட் 12ஆம் திகதி 'மகாத்மா காந்திபுரம்' என்ற பெயரில் திறக்கப்பட்டன. ஒரு வீட்டுக்கு ஏழு பேர்ச்சஸ் காணி. சதுர அடியில் ஏறத்தாழ 1,900. வீட்டுக்கு 550 போனால் 1,300க்கு மேல் மிச்சம். பாதைக்கும் கழிப்பறைக்கும் விட்டபிறகும் கீரைப் பாத்தி, போஞ்சிக் கொடி, ஒரு தேசி மரம், ஒரு கொய்யா எல்லாம் வைக்கலாம். லயத்தில் இருப்பவர்களுக்கோ பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவும் ஒரு இஸ்தோப்பும்தான். நட்டு வைத்த செடிகூடத் தோட்டத்துக்குச் சொந்தம். போசாக்கு வகுப்பு நடத்துகிறவர்கள் காணியைப் பற்றியும் பேச வேண்டும். ஏழு பேர்ச்சஸ் எல்லாக் குடும்பத்துக்கும் வர வேண்டும்.

அது வரும்வரை காத்திருக்க வேண்டாம். பழைய மாச் சாக்கில் மண் நிரப்பி இஸ்தோப்பு ஓரத்தில் வைத்துப் பொன்னாங்காணித் தண்டு நாலு ஊன்றுங்கள். மூன்று நாலு வாரத்தில் கிள்ளலாம். இன்று ராத்திரி ரொட்டி சுடும்போது பக்கத்தில் ஒரு பிடி கீரை இருக்கட்டும். கேத்தலை ஒரு மணி நேரம் கழித்து அடுப்பில் ஏற்றுங்கள்.