வாங்குவோர் அறம்

காரைக்காலுக்கு வடக்கே, இதே கடற்கரையில் அமைந்தது காவிரிப்பூம்பட்டினம். அந்நகரைச் சிறப்பித்த பட்டினப்பாலையில், வாங்குங்கால் மிகுதியாகக் கொள்ளாமலும் விற்குங்கால் குறைவாகக் கொடாமலும் வாழ்ந்த வணிகரைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் போற்றுகின்றார். தமக்கு அளந்து பெறுகையில் நிறைவாகப் பெற்றுப் பிறர்க்கு அளக்கையில் குறைப்போரைத் திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் கண்டிக்கின்றது. இவை விற்போர்க்கு உரைத்தவை என்றே பலரும் கொள்வர். ஆயினும் இரண்டிலும் பெறுதலே முதற்கண் பேசப்படுகின்றது. எனவே, அறம் விற்கும் கைக்கு மட்டுமன்றி வாங்கும் கைக்கும் உரியதாகின்றது. நாம் அன்றாடம் வாங்கும் மூன்று பொருள்களைக் கொண்டு இதனை விளக்குவோம்.

முதலாவது, மீன். கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குள் செல்வதில்லை. மீன்கள் இனம்பெருக்கும் காலத்தைக் காப்பதே இத்தடையின் நோக்கமாகும். 2016 வரை 45 நாள்களாக இருந்த இக்காலம் 2017 முதல் நீட்டிக்கப்பெற்றது. எஞ்சிய பத்து மாதங்களில் கடலைக் காப்பவர் யார்? ஒருமுறையேனும் முட்டையிடும் முன்பே பிடிபட்ட வஞ்சிரக் குஞ்சையும் சினை நண்டையும் வாங்க ஆளிருக்கும்வரை, அவை வலையில் விழுந்துகொண்டேயிருக்கும். அவற்றை வேண்டாவெனக் கூறுதல் எளிய செயலே. ஆனால் பயன் பெரிது.

இங்கு மற்றொன்றும் எண்ணத்தக்கது. கூடை சுமந்து வரும் மீன்காரப் பெண்மணியிடம் ஐந்து ரூபாய்க்கு வழக்காடும் நாம், விலைச்சீட்டு ஒட்டிய பொருளின்முன் வாய் திறப்பதில்லை. எளியவரிடம் பேரம், வலியவரிடம் மௌனம் என்பது நேர்மையாகுமா?

இரண்டாவது, கைலி. 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப்படி, கைத்தறிக்கென ஒதுக்கப்பட்ட துணிவகைகளுள் கைலியும் ஒன்று. எனினும் விசைத்தறித் துணியே மலிவென்பதால் சந்தையை அது நிறைத்துள்ளது. மலிவு என்பது பெரும்பாலும், விலையின் ஒரு பகுதியை நமக்காக வேறொருவர் செலுத்துவதேயாகும். இங்கு அதனைச் செலுத்துபவர் நெசவாளர். 2006இல் அறிமுகமான கைத்தறி முத்திரையைப் பார்த்தோ, 1935இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் கடையிலோ, பெருநாளுக்கு ஒரு கைலியேனும் கைத்தறியாக வாங்கலாம்.

மூன்றாவது, பை. தமிழ்நாட்டில் 2019 சனவரி முதல் நாளன்றே ஒருமுறை பயன்படும் நெகிழிப் பொருள்கள் பல தடைசெய்யப்பட்டன. 2022 சூலை முதல் நாள் நாடு முழுமைக்கும் இத்தகைய தடையொன்று வந்தது. நம் காரைக்காலோ தமிழ்நாட்டால் சூழப்பட்ட சிறு பகுதி. சட்டத்திற்கு எல்லையுண்டு, அரசலாற்றுக்கு இல்லை. ஆற்றில் எறிந்த பை, நம் மீன் வாழும் கடலையே சென்றடைகின்றது. வீட்டிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்துச் செல்லச் செலவொன்றுமில்லை.

"ஒருவர் மாறுவதால் என்ன விளையும்?" என்று சிலர் வினவுவர். 1906இல் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது, அதனை வீழ்த்த ஆங்கிலக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. பயணி ஒவ்வொருவர் கையிலும் இருந்தது ஒற்றைச் சீட்டே. அந்தச் சீட்டுக்காகவே ஒரு பெருங்கம்பெனி நட்டத்தையும் ஏற்றது. வாங்குவோரின் வலிமையை நாம் அறியாவிடினும் விற்போர் நன்கறிவர்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுதல் யார்க்கும் இயலாது. வறிய குடும்பத்திற்கு விலையே முதற்கவலை. அவர்களைக் குறைகூறுதல் முறையன்று. இயன்றவர் இயன்றதைத் தொடங்குதல் போதும். இம்மாதம் ஒரு பை, அடுத்த மாதம் பேரமின்றி உடனடியாகக் கொடுக்கும் மீன் விலை, பெருநாளில் ஒரு கைத்தறிக் கைலி. மாணவச் செல்வங்கள் இதனைத் தத்தம் இல்லங்களில் தொடங்கிவைப்பார்களாக! பெரியோர் துணைநிற்பார்களாக!